போ போ என்றொரு பழம்

"பப்பாசித் திருவிழாவுக்கு வாறியா?" என்றுதான் என் அறைத்தோழி கேட்டாள். அவள் சொன்ன சொல் 'போபோ'. எங்கட ஊர் ஆங்கிலத்தில் அது பப்பாசிதானே. ஒகையோவின் தென்கிழக்கு மூலையில், செப்ரெம்பரிலேயே சுவெற்றர் தேடவைக்கிற ஒரு சின்னக் கம்பஸ் நகரத்தில், எவன் பப்பாசி நடுகிறான் என்று எனக்கு ஒரே யோசினை. ஆனாலும் காரில் ஏறிவிட்டேன். ஊரை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பப்பாசியைக் கண்டாலே காணும் என்ற நிலைமை.

அல்பனி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்னோடன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 1999 இலிருந்து ஒவ்வொரு செப்ரெம்பரும் அங்கே போபோத் திருவிழா நடக்கிறது. கூடாரங்கள், பாட்டு, போபோ போட்டுக் காய்ச்சிய பியர், யார் கூடச் சாப்பிடுகிறது என்று ஒரு போட்டி. ஒரு மேசையில் பச்சையும் மஞ்சளுமாக, குட்டி மாங்காய் மாதிரி, தோலில் கறுத்தப் புள்ளிகளோடு பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பப்பாசியைக் காணவில்லை. "இதுதான் போபோ" என்று ஒரு மனிசி பாதியாக வெட்டி, ஒரு கரண்டியையும் தந்தா.

வாயில் வைத்தேன். கனிந்த வாழைப்பழத்துக்குப் பாலும் சீனியும் விட்டுப் பிசைந்த மாதிரி, அதற்குள்ளே கொஞ்சம் மாம்பழ வாசம். பிறகு நாக்கில் ஏதோ வழுக்கியது. ஒரு கொட்டை. மண்ணிறம், தட்டை, அவரைக்கொட்டை அளவு, ஒரு மெல்லிய சவ்வுக்குள் இருந்தது. அதை வாய்க்குள் உருட்டின விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது பப்பாசி இல்லை, அன்னமுன்னா!

பிறகு தேடிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பப்பாசிக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை. இது எங்கட அன்னமுன்னாவின் குடும்பம். அந்தக் குடும்பத்து ஆட்கள் எல்லாரும் வெப்ப நாடுகளில் இருக்க, இது மட்டும் வடக்கே ஏறி ஏறி, பனி கொட்டுகிற இடத்தில் போய்க் குடியேறியிருக்கிறது. கனடாவில் ஒன்ராறியோவின் தெற்கு வரைக்கும் போயிருக்கிறதாம். வட அமெரிக்காவின் சொந்தப் பழங்களில், சாப்பிடக்கூடியவற்றில் ஆகப் பெரியது இதுதான். எங்கட சொந்தக்காரரும் ஒன்ராறியோவுக்குத்தான் போனவை, ஆனபடியால் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

அன்றிரவு அம்மம்மாவுக்கு வட்சப்பில் படம் காட்டினேன்.

"என்ன பழம் பிள்ளை?"

"போபோ, அம்மம்மா."

"ஆரைப் போ போ எண்டு கலைக்கிறாய்?"

சிரித்து முடிய, "அன்னமுன்னாவின்ர சொந்தம் அம்மம்மா" என்றேன். அவ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வழமையான அந்தக் கதை வந்தது. "எங்கட கிணத்தடி அன்னமுன்னா மாதிரி வராது மோனை. கொட்டையே இல்லை எண்டு சொல்லலாம். முழுக்கச் சதை."

அந்தக் கிணற்றடி மரத்தை நான் கண்டதில்லை. எங்கட அம்மாவுக்கே அரைகுறை ஞாபகம்தான். வலி வடக்கில் மயிலிட்டிப் பக்கம் எங்கட வீடு. 1990 யூனில் எல்லாரையும் போல ஓடினவர்கள், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துத்தான் ஓடினவர்கள். 2017 இல் காணி விட்ட பிறகுதான் அம்மம்மா மறுபடி போய்ப் பார்த்தா. வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது. மரம் நின்ற இடம் எது என்று சொல்லவே அவவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்ததாம். ஒவ்வொரு முறையும் சந்தையில் அன்னமுன்னா வாங்கி வந்தால், ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, "இது அதில்லை" என்பா. சின்ன வயதில் இதைக் கேட்டு எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. இழந்த வீட்டில் எல்லாமே இனிப்பாகத்தானே இருக்கும் என்று நான் ஒருமுறை பெரிய ஆள் மாதிரிச் சொல்லி, அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் திருவிழாவில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி தந்தார். அந்த வட்டாரத்துப் போபோ வளர்க்கிறவர்களின் சங்கம். மாசி மாதம் ஒரு கூட்டம் இருக்கிறது, விருப்பமென்றால் வா என்றார். மாசி மாதத்தில் பழமும் இல்லை இலையும் இல்லை, என்ன கூட்டம் என்று பார்க்கத்தான் போனேன்.

ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. இருபது பேர் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் சாரதி ஒருவர், ஒரு தாதி, இரண்டு கமக்காரர், என் வயதில் ஒரு சோடி. மேசை முழுக்கச் சிப் வைத்த பொலித்தீன் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பென்சில் தடிப்பில் காய்ந்த மாதிரிச் சில குச்சிகள். பையில் மரத்தின் பெயர், வெட்டிய திகதி, யாருடைய காணி. அவ்வளவுதான் கூட்டம். ஆளுக்கு ஆள் குச்சி மாற்றுகிறார்கள்! வீட்டுக்குக் கொண்டுபோய் ஈரக் கடதாசியில் சுற்றி பிரிஜ்ஜில் வைப்பார்களாம். மரம் உறங்குகிற காலத்தில் வெட்டின கம்பு, சித்திரை வைகாசியில் ஒட்டுக்கட்டையில் சாறு ஏறும்வரைக்கும் அப்படியே கிடக்க வேணும்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்த பஸ் சாரதி. மனதுக்குள் நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன், வாயால் கூப்பிட்டது பெயர் சொல்லித்தான், அங்கத்தைய வழக்கம் அது. அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். போபோக் கொட்டையை நட்டால் தாய் மரத்தின் பழம் வராது. வேறு ஏதோ ஒன்று வரும், பெரும்பாலும் அதைவிடக் குறைந்தது. அதுவும் காய்க்க ஐந்து வருசத்துக்கு மேல் எடுக்கும். நல்ல மரம் ஒன்று வேண்டுமென்றால் அந்த மரத்தின் கம்பையே எடுத்து ஒட்ட வேணும். எங்கட கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாக் கறுத்தக்கொழும்பானும் மாங்கொட்டையில் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்போதாவது யோசித்திருக்கிறேனா என்றால் இல்லை.

பிறகுதான் அவர் 1916 பற்றிச் சொன்னார். அமெரிக்க மரபியற் சங்கம் அந்த வருசம் ஒரு போட்டி வைத்தது. நாட்டிலேயே நல்ல போபோ எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க. ஆட்கள் பல இடங்களிலிருந்தும் பழங்களைத் தபாலில் அனுப்பினார்கள். முதற்பரிசு ஒகையோவைச் சேர்ந்த கெற்றர் என்ற பெண் அனுப்பின பழத்துக்குக் கிடைத்தது. அடுத்தது தோடம்பழம் அப்பிள் மாதிரி போபோவும் கடைக்கு வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

வரவில்லை. காரணம் சிக்கலானதும் இல்லை. போபோ கனிந்தால் வெளியில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். விரலால் அமத்தினாலே கறுத்துவிடும். லொறியில் ஏற்றி நாடு கடத்துகிற பழம் இல்லை இது. கடைக்காரனுக்கு வேண்டாம், கடைக்கு வராததால் சனமும் மறந்துபோனது. 1900 க்கும் 1960 க்கும் இடையில் குறைந்தது 56 இனங்களைத் தெரிந்தெடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதில் 20 கூட மிச்சமில்லை. எந்த நோயும் வந்து அழிக்கவில்லை. வளர்த்தவர் செத்துப்போவார், பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை, காணி கைமாறும், மரத்தில் தொங்கின பெயர்த் தகடு விழுந்துவிடும். மரம் நின்றாலும் அது எந்த மரம் என்று சொல்ல ஆள் இல்லை.

"மரம் சாகிறது பிறகு, முதலில் கொப்பிதான் சாகும்" என்றார் அவர்.

1975 இல் மேற்கு வேர்ஜினியாவில் தாவர மரபியல் படித்துக்கொண்டிருந்த நீல் பீற்றர்சன் என்ற மாணவர் தன்ர வாழ்க்கையின் முதலாவது போபோவைச் சாப்பிட்டார். இவ்வளவு நல்ல பழத்தை ஏன் ஒருத்தரும் வளர்க்கவில்லை என்ற கேள்வியிலேயே அவருடைய மிச்ச வாழ்க்கை போய்விட்டது. பழைய தோட்டங்கள் எங்கே இருந்தன என்று கடதாசிகளில் தேடி, கைவிடப்பட்ட அந்த இடங்களுக்குப் போய், இன்னும் நிற்கிற மரங்களின் கொட்டைகளை எடுத்து, ஆயிரத்துக்கு மேல் கன்று நட்டு, வருசக்கணக்காக ஒவ்வொன்றையும் ருசி பார்த்தார். கடைசியில் தேறினது ஒரு கைப்பிடி. அவற்றுக்கு ஷெனண்டோவா, சஸ்குவஹானா, ரப்பஹானொக் என்று ஆறுகளின் பெயரை வைத்தார். எல்லாமே அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஆறுகளுக்கு வைத்த பெயர்கள்.

அந்தப் பெயர்களைக் கேட்டபோது எனக்குள் ஒன்று இடித்தது, சொல்லிவிடுகிறேன். ஒகையோவில் இந்தப் பழத்தை முதலில் தின்றவர்களில் ஷாவ்னி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மொழியில் செப்ரெம்பரை ஒட்டி வருகிற மாதத்துக்கே போபோவின் நிலவு என்று பெயர். 1830களில் அவர்களை ஒகையோவை விட்டு மேற்கே அனுப்பிவிட்டார்கள். 2009 இல் ஒகையோ அரசு போபோவை மாநிலத்தின் சொந்தப் பழம் என்று சட்டம் போட்டது. சங்கத்தில் யாரும் இதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் கேட்கிற கேள்வி இல்லை என்று நினைத்தேனோ, இல்லை குச்சி தரமாட்டார்கள் என்று பயந்தேனோ தெரியாது.

சித்திரை முடிகிற நேரம் ஒட்டுகிற நாள் வந்தது. ஒரு கமக்காரரின் காணி. போபோப் பூவை அன்றுதான் முதலில் கண்டேன். இலை வர முன்னமே மொட்டைக் கொப்பில் கவிழ்ந்து தொங்குகிறது, காய்ந்த இரத்தத்தின் நிறம். மணமும் அப்படித்தான், லேசான இறைச்சி நாற்றம். தேனீ கிட்ட வராது, இலையானும் வண்டும்தான் மகரந்தம் காவுகின்றன. அதனால் சில பேர் பூக்கிற காலத்தில் மரத்தில் பழுதான கோழித்தோலைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ஒரு அம்மா கோழித்தோலைத் தொடமாட்டாவாம், பெயின்ற் பிரசால் ஒவ்வொரு பூவாகத் தானே தடவிக்கொண்டு போனா. அதுவும் ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்துக்குப் பெரும்பாலும் பிடிக்காது, வேறு மரத்தினது வேணும். காட்டில் ஒரு பற்றை முழுக்க ஐம்பது தண்டு நிற்கும், ஒரு காய் இருக்காது. ஏனென்றால் வேரிலிருந்து முளைத்து முளைத்து வந்த அந்த ஐம்பதும் ஒரே மரம்தான்.

எனக்கு மூன்று ஒட்டுக்கட்டையும் மூன்று கம்பும் தந்தார்கள். கம்பையும் கட்டையையும் ஒரே சாய்வில் சீவி, இரண்டிலும் ஒரு நாக்கு வெட்டி, பச்சைத் தோலோடு பச்சைத் தோல் பொருந்தச் செருகி, இழுபடுகிற ரேப்பால் சுற்ற வேணும். கையை வெட்டாமல் மூன்றையும் முடித்து ஐயாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இரண்டாவது தலைகீழாக நிற்கிறது" என்றார். அரும்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் முதலாவதும் காய்ந்துவிட்டது. மூன்றாவது மட்டும் பிடித்தது.

கோடையில் ஒன்றும் இல்லை. களை பிடுங்கினார்கள், மின்னஞ்சலில் சண்டை பிடித்தார்கள். சண்டை என்றால், சதையை உறைய வைத்து விற்கிறவர்களுக்கும் பொழுதுபோக்குக்கு வளர்க்கிறவர்களுக்கும் இடையில், சங்கத்தின் பணம் எதற்கு என்று. எங்கட ஊர்ச் சங்கங்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் இரண்டாக உடையப் போகிறது, ஒன்றுக்கு 'ஐக்கிய' என்று பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். உடையவில்லை. ஆவணிக் கடைசியில் பழம் விழத் தொடங்கினதும் எல்லாரும் பெட்டியோடு வந்துவிட்டார்கள்.

ருசி பார்க்கிற நாள்தான் எனக்குப் பிடித்த நாள். ஒவ்வொரு பழத்துக்கும் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். முதலில் முழுப் பழத்தையும் நிறுப்பார்கள், பிறகு கொட்டையை மட்டும் எடுத்து நிறுப்பார்கள். பழத்தின் எடையில் கொட்டை எத்தனை வீதம் என்பது பெரிய விசயம். காட்டுப் பழத்தில் கொட்டைதான் கனக்க, நல்ல இனங்களில் அது மிகக் குறைவு. ஒரு சொட்டுச் சாற்றைச் சின்னக் குழாய் மாதிரி ஒரு கருவியில் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் சீனி அளவு தெரியும். கடைசியில் ருசிக்குப் புள்ளி. ஆரம்பத்தில் என்ன வருகிறது, விழுங்கின பிறகு கைக்கிறதா என்று பார்க்க வேணும். ஐந்தாறு பழம் தாண்ட நாக்கு செத்துவிடும், இடையில் உப்பு பிஸ்கட் தருவார்கள். தோலும் கொட்டையும் ஒருநாளும் சாப்பிடக்கூடாது. பழத்திலும் அளவு வேணும். அன்னமுன்னாக் குடும்பத்தில் இருக்கிற அனோனசின் என்ற பொருள் நரம்புக்குக் கூடாது. முள்ளு அன்னமுன்னாவையும் அதன் இலைத் தேநீரையும் நிறையப் பாவிக்கிற குவாதலூப் தீவில் பார்க்கின்சன் மாதிரியான ஒரு நோய் கூட இருந்ததை 1999 இல் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய்க்கு முள்ளு அன்னமுன்னா இலை அவித்துக் குடி என்று வட்சப்பில் செய்தி அனுப்புகிற மாமாமாருக்கு இதை யாராவது அனுப்பினால் நல்லது.

கொட்டையைத் தராசில் வைத்தபோதுதான் அம்மம்மா ஞாபகம் வந்தா. "கொட்டையே இல்லை எண்டு சொல்லலாம்." இது ஒரு அளவு. இந்த மேசையில் அவ இருந்திருந்தால், அவ சொன்னதை ஒருத்தரும் ஊர் ஏக்கம் என்று எழுதியிருக்கமாட்டார்கள். கொட்டை குறைவு, சதை கூட, நிற்கிற இடம் கிணற்றடி, காணி இன்னாருடையது என்று எழுதியிருப்பார்கள். கம்பு வெட்ட ஒரு ஆள் போயிருக்கும். நாங்கள் அவ சொல்லச் சொல்லக் கண்ணை உருட்டிக்கொண்டு இருந்தோம்.

அன்றிரவு நான் ஒரு கேள்வி கேட்டேன், முப்பது வருசமாக எங்கட வீட்டில் ஒருத்தரும் கேட்காதது.

"அம்மம்மா, அந்த மரத்தின்ர கொட்டை ஆராவது கொண்டுபோனவையே?"

"கொட்டையை ஆர் பிள்ளை கொண்டுபோறது, அள்ளிக் கொட்டுறதுதானே." பிறகு கொஞ்சம் பொறுத்து, "முன்வீட்டு ஆச்சி தன்ர மூத்தவள் கலியாணம் முடிச்சுச் சுன்னாகம் போகேக்க ஒரு சரை கொண்டுபோனவ. அது எப்பத்தையக் கதை. எண்பத்தைஞ்சு எண்பத்தாறு இருக்கும்."

அந்த ஆச்சி இப்போது இல்லை. மகள் இருக்கிறா. என் மச்சான் சைக்கிளில் போய் விசாரித்து, மூன்றாவது ஒழுங்கையில் வீட்டைக் கண்டுபிடித்தான். குசினிக்குப் பின்னால் ஒரு வயதான அன்னமுன்னா, ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தது. எந்த மரத்துக் கொட்டை என்று அவவுக்கும் சரியாகத் தெரியாது, "அம்மா ஊரிலயிருந்து கொண்டந்தது" என்று மட்டும் சொன்னாவாம். காய்க்கிற காலம் வந்ததும் மூன்று பழம் வாங்கிக்கொண்டு போய் அம்மம்மாவிடம் கொடுத்தான். போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நான் ஒகையோவில் விடியக்காலை நாலு மணிக்கு முழித்திருந்தேன்.

அவ தோலை விரலால் பிரித்தா. கண்ணை மூடிச் சாப்பிட்டா. கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் துப்பி எண்ணினா.

"இது அதில்லை" என்றா.

நான் மூச்சை விட்டேன்.

"ஆனா" என்று இன்னும் ஒரு துண்டு எடுத்தா, "இதுக்கு அதைத் தெரியும்."

கொட்டையில் வந்தது தாய் மாதிரி இருக்காது என்று விளங்கப்படுத்த நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். அவ சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

மச்சானிடம் ஒரு மொனிற்றர் கொப்பி வாங்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறான்: மரம் 1. சுன்னாகம். கொட்டை வந்த இடம் மயிலிட்டி, 1985 அல்லது 86. பழத்தில் கொட்டை 19, 22, 17. மரத்தின் வயது காரணமாக அவசரம். மாரி முடிய ஒட்டலாம் என்று கன்று விற்கிற ஒருவர் சொல்லியிருக்கிறார், ஒட்டுக்கட்டை நாங்கள் கொடுக்க வேணுமாம். அதற்காக இரண்டு அன்னமுன்னாக் கன்று பையில் வைத்திருந்தோம். போன கிழமை ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்றதைத் தூக்கிக் கிணற்றுக்கட்டில் வைத்திருக்கிறார்கள்.